ஐந்தாம் பத்தி

ராயபுரம் கல்மண்டபத்தில் ஜாபர் பாயின் ஜெராக்ஸ் கடைக்கு யார் போய் நின்றாலும் ஜெமிமா முதலில் கேட்பது ஒன்றுதான். "யாருக்கு எழுதணும், இன்னா நடந்துச்சு?" வந்தவர் மூச்சுவாங்கிச் சொல்லி முடிப்பதற்குள் பாதி மனு திரையில் நிற்கும். சாக்கடை அடைப்பு, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பள்ளிக்கூட டி.சி., கல்யாண பயோடேட்டா. பதினொரு வருடமாக இதே நாற்காலி, இதே விசைப்பலகை. எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் வெறும் கறுப்புக் கட்டைகளாகிவிட்ட விசைகளில் அவள் விரல்கள் பார்க்காமல் ஓடும்.

மனுவைவிட அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது கண்ணீர் அஞ்சலி பேனர்தான். வடசென்னையில் ஒருவர் இறந்த இரண்டு மணி நேரத்தில் தெருமுனையில் பேனர் நிற்கவேண்டும். படம் எப்படி இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். கீழே 'இவண்' என்று வரும் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் மன்னிக்கமாட்டார்கள். மூத்த மருமகன் பெயருக்கு மேலே இளைய மருமகன் பெயர் ஏறிவிட்டது என்று ஒரு குடும்பம் கடை வாசலில் நின்று கத்தியிருக்கிறது. அதனால் ஜெமிமா இழவு வீட்டுக்காரர்களை முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கச் சொல்வாள். பெயர் போட விரும்புகிறவர்கள் அதில் போடட்டும், பழி அவள் மேல் வராது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அப்படி ஒரு குழுவை அவள் தனக்கே தொடங்கவேண்டி வந்தது. தம்பி ஜெஸ்வின், இருபத்தொன்பது வயது, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி. டிரெய்லர் லாரியில் பெட்டியை இறுக்கிப் பிடித்திருக்கும் கொக்கிகளைக் கழற்றுவது அவன் வேலை. காலை ஆறே முக்காலுக்குக் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தவன் மேல் இன்னொரு டிரெய்லர் பின்பக்கமாக ஏறியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். அவன் பேனரையும் அவள்தான் செய்தாள். வேறு யாராவது செய்தால் அவன் பெயரின் அளவைச் சின்னதாக வைத்துவிடுவார்கள் என்று, அன்று அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜாபர் பாயை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள்.

குழுவில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒப்பந்தக்காரரின் அலுவலகத்திலிருந்து மலர் வளையத்தோடு வந்த சூப்பர்வைசர் பாலகணேஷும் தன் எண்ணைக் கொடுத்து, "எங்க பேரும் வரட்டும்மா, நம்ம பையன்தானே" என்றார். நம்ம பையன் என்ற அந்தச் சொல்லுக்காக ஜெமிமா அவரையும் சேர்த்தாள். பேனரில் அவர் பெயரும் வந்தது. பிறகு பல நாள் அதற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் அடுத்த வாரம் அதே அலுவலகம் அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிக்கையில் ஜெஸ்வினைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து.' ஆறு வருட வேலை, இருபத்தொன்பது வருட உயிர், ஒரு வரி. மலர் வளையத்தில் ஒட்டியிருந்த அட்டையில்கூட அதைவிட நிறைய எழுதியிருந்தார்கள்.

விசாரணை அதிகாரியிடமிருந்து ஜெமிமாவுக்குக் கடிதம் வந்தது. குடும்பத்தார் தங்கள் தரப்பை எழுத்தில் தரலாம், இரண்டு வாரம் அவகாசம், கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எழுதித் தராவிட்டால் அறிக்கையில் உள்ளபடியே கோப்பு முடிக்கப்படும். அதாவது ஜெஸ்வின் தன் சாவுக்குத் தானே காரணம் என்று அரசாங்கத் தாளில் நிலைத்துவிடும்.

ஊருக்கெல்லாம் எழுதியவளுக்கு ஐந்து நாளாக 'ஐயா' என்ற சொல்லுக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று விரல் தானாகத் தட்டும். தம்பி மேற்படி பொருளா? அழிப்பாள். அதற்குள் ஒருவர் ஆதார் நகலோடு வந்து நிற்பார். கோப்பை மூடி அவர் வேலையை முடித்துத் திரும்பத் திறந்தால் மறுபடியும் 'ஐயா' மட்டும்.

ஆறாம் நாள் காலை திருவொற்றியூரிலிருந்து கடைக்குப் போகும் ஷேர் ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை வரிசையாக நின்றன. தினமும் நிற்பவைதான். அன்றைக்கு அந்த லாரிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இவற்றில் ஒன்றுதான் அவனைக் கொன்றது, இன்று தன்னையும் நகரவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைத்தாள். கைபேசியை எடுத்தாள். கூகுள் டாக்ஸில் புதுத் தாள் ஒன்றைத் திறந்து, 'ஐயா' போடாமல், ஒரு வரி தட்டினாள். 'என் தம்பி காலை ஐந்தேகால் மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினான்.' ஆட்டோ நகர்ந்தபோது இரண்டு பத்தி இருந்தது.

கடையில் போய்க் கணினியைத் திறந்தால் அதே தாள், அதே இடத்தில், அரைகுறையாக நின்ற சொல்லோடு காத்திருந்தது. பென்டிரைவ் தேடவேண்டாம், சேமித்தோமா என்று பயப்படவேண்டாம், மின்சாரம் போனாலும் போகட்டும். அன்றிலிருந்து அவள் ஒரு முறை வகுத்துக்கொண்டாள். முதலில் பத்துத் தலைப்பு. காலையில் லாரி நெரிசலில் ஒரு தலைப்புக்கு உள்ளதை உள்ளபடி தட்டுவது, கூட்டம் குறையும் மதிய நேரத்தில் கணினியில் அதைச் செதுக்குவது. தெரியாத இடம் வந்தால் நிற்காமல், பக்கத்து ஓரத்தில் கேள்வியாகக் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது. இத்தனை நாளும் தெரியாததை யோசித்து யோசித்துத்தான் தெரிந்ததையும் எழுதாமல் இருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. நான்கே நாளில் ஆறு பத்தி வந்தது.

ஓரத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். தாளின் இணைப்பை ஜெஸ்வின் குழுவில் போட்டாள். யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று தாள் கேட்டது. இழவு வீட்டுக் கதவை யார் தாழிடுவார்கள்? இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம் என்று விட்டாள்.

மறுநாள் காலை பார்த்தால் தாளின் அடியில் முப்பத்தெட்டுப் பெயர்கள். 'இவண்' என்று தலைப்பே போட்டிருந்தார்கள். சித்தப்பா, மாமா, கால்பந்து நண்பர்கள், தெருவாசிகள், பக்கத்து வீட்டுப் பூமாரி. பேனர் போட்ட குழு என்பதால் இதையும் பேனர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பூவும் இருந்தது.

ஜாபர் பாய் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது, மனுவா போஸ்டரா? நடுவுல ஒரு மெழுகுவத்திதான் இல்ல."

"சிரிக்காதீங்க பாய். பூமாரி அக்கா வேற காலைல போன் போட்டு, 'எம் பேர யாரோ கீழ தள்ளிட்டாங்க, மேல ஏத்து'ன்றாங்க."

"ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன். ஜெஸ்வின் கிளம்புன டைமு அவங்கதான் சொன்னாங்க. அவங்க கொழாய்லதான் தண்ணி புடிச்சினு போயிருக்கான்."

தாளை யாராவது திறக்கும்போதெல்லாம் மேல்மூலையில் ஒரு வண்ண வட்டத்துக்குள் ஏதோ ஒரு விலங்கு தெரியும். பெயர் தெரியாதவர்களுக்கு அது தருகிற முகம். நரி, நீர்நாய், ஆமை. யாரோ தெருக்காரர்கள் வந்து தம்பியைப் படித்துவிட்டுப் போகிறார்கள் என்று ஜெமிமாவுக்கு அதுவும் ஆறுதலாகவே இருந்தது.

எல்லாவற்றையும்விட ஐந்தாம் பத்திதான் முக்கியம். அதற்கான விஷயத்தைத் தந்தவன் அப்சல். ஜெஸ்வினின் தோஸ்து, அதே யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவன், அன்று உயரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். போனில் சொன்னான். "சிக்னல்மேனே இல்லக்கா. டிரெய்லர் பின்னாடி வந்தா ஒருத்தன் கொடி புடிச்சினு நிக்கணும். ரெண்டு மாசமா ஆள் கெடையாது. நாங்களே விசில் அடிச்சிக்கினு ஓட்டுறோம்."

"அந்த ஓரத்துல நீயே எழுதேன் அப்சல்."

"வாணாம்க்கா. அதுல எழுதுனா எம் பேரு காட்டும். ரெண்டு பொண்ணு கீது. நீ எழுது, நான் சொன்னேன்னு மட்டும் போடாத."

அவள் அப்படியே எழுதினாள். 'டிரெய்லர் பின்னால் வந்தபோது வழிகாட்ட சிக்னல்மேன் யாரும் இல்லை. இரண்டு மாதமாகவே இல்லை. ஜெஸ்வின் கொக்கியைக் கழற்றக் குனிந்திருந்தான்.'

வியாழக்கிழமை மதியம் பத்துப் பத்தியும் முடிந்தது. எந்தத் தாளையும் அச்சடிக்கும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பது ஜெமிமாவின் வழக்கம். படித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாம் பத்தியில் நின்றாள். ஜாபர் பாய் தலையைத் தூக்கினார். அவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

'டிரெய்லர் பின்னால் வந்தபோது பணியிலிருந்த சிக்னல்மேன் ராசையா கைகாட்டி எச்சரித்தும், ஜெஸ்வின் அதைக் கவனிக்காமல் குனிந்திருந்தான்.'

முன்னும் பின்னும் அவள் எழுதியது அப்படியே இருந்தது. பூமாரியின் குழாய் இருந்தது, அவன் கட்டியிருந்த நீலத் துண்டு இருந்தது, நாற்பதுக்கு மேல் பெயர்கள் இருந்தன. நடுவில் மட்டும் அக்காவின் வாயாலேயே தம்பியைக் குற்றவாளியாக்கியிருந்தார்கள். படிக்காமல் அச்சடித்திருந்தால் அதன் கீழே அவளே கையெழுத்துப் போட்டிருப்பாள்.

பழைய பதிப்புகளைத் திறந்தாள். வியாழன் காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிடம். கடையில் கூட்டம் நெரிந்த நேரம். அடிக்கப்பட்ட அவள் சொற்கள் கோடு விழுந்து கிடந்தன, புதிதாகச் செருகியவை பச்சையில் தெரிந்தன. செய்தவர் யார் என்ற இடத்தில் 'பெயர் தெரியாதவர்'. காலையில் மேல்மூலையில் ஒரு நரி சுற்றிக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. யாரோ நம் ஆள் என்று அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆதார் நகல் எடுக்கப் போயிருந்தாள். பேனருக்காகச் சேர்த்த பாலகணேஷின் எண்ணும் அதே குழுவில்தான் இருந்தது.

"பேமானிங்க" என்றார் ஜாபர் பாய். அவர் கடையில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. "பழசையே திருப்பிக் கொண்டாந்துடும்மா. கதவ சாத்து. பிரிண்ட் எடுத்துக்கினு போய் குடு. முடிஞ்சுது."

கதவை அவள் உடனே சாத்தினாள். இனி அவளைத் தவிர யாரும் அந்தத் தாளில் கை வைக்கமுடியாது. பழைய பத்தியையும் மீட்டாள். ஆனால் கை அச்சு இயந்திரத்துக்குப் போகவில்லை. செருகிய வரியில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் அந்த இடத்தில் எப்படி வந்தது?

அப்சலைக் கூப்பிட்டாள்.

"ராசையாவா?" அவன் சிரித்தேவிட்டான். "அவரு காண்ட்ராக்டர் வூட்டு கேட்ல குந்திகினு கீறாருக்கா, வாட்ச்மேன். சிக்னலுக்கும் அவருக்கும் இன்னா சம்பந்தம்?"

ராசையா அவளுக்கும் தெரிந்தவர்தான். ஜெமிமாவின் அப்பா ஊருக்குப் பக்கத்துச் சாயர்புரத்துக்காரர், அறுபது தாண்டியவர். சொந்த ஊர்ப் பக்கத்துப் பையன் என்று சாவுக்கு வந்து ஒரு மூலையில் நின்றவர். பேனரில் பத்தொன்பதாவது பெயர். ஜெமிமா அன்று சாயங்காலமே தண்டையார்பேட்டைக்குப் போனாள். ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் அவரை உட்காரவைத்துக் கைபேசியை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

"இதுல எம் பேரு எப்படிம்மா வந்துச்சு?"

"அதத்தான் அண்ணாச்சி உங்கள கேக்க வந்தேன்."

"நான் அந்த யார்டுக்குள்ள கால வச்சதே கெடையாது. ஆறு மாசமா இந்த கேட்டுதான். நாய்க்குச் சோறு வைக்கேன், காருக்குக் கதவு தொறக்கேன்." டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "மாசம் ஒண்ணாந்தேதி அந்த சூப்பர்வைசரு ஒரு புக்கு கொண்டாருவாரு. மேல் பக்கத்த இன்னொரு தாளால மூடிக்கிட்டு, இங்கன கையெழுத்து போடுங்கம்பாரு. போடுவேன். எதுக்குன்னு கேட்டதில்ல."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த வரியை இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தார். பிறகு சொன்னார். "அப்ப தாளுல நானாம்மா அன்னைக்கு அங்க நின்னேன்? நான் கைகாட்டி, அந்தப் புள்ள பாக்காம செத்தானா?"

"அப்டித்தான் எழுதியிருக்காங்க."

"எழுது. நான் சொல்லுதேன், எழுது. பேரையும் போடு. எங்கப்பா பேரையும் சேத்துப் போடு, வேற ராசையான்னு சொல்லிருவானுவ."

"வேல போயிடும் அண்ணாச்சி."

"நாய்க்குச் சோறு வைக்க வேற ஆளு கெடைப்பான்" என்றார்.

டீக்கடை பெஞ்சிலேயே கைபேசியில் அவர் சொல்லச் சொல்ல ஜெமிமா தட்டினாள். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. வாழ்நாளில் அவள் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி நர்மதாவின் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் ஜெமிமா, மறு நாற்காலியில் ஒப்பந்தக்காரர் சார்பில் பாலகணேஷ். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை. அவளைப் பார்த்ததும் துக்கம் விசாரிப்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் திரும்ப ஆட்டவில்லை.

நர்மதா கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "இதென்னம்மா இத்தனை பேரு? உங்க ஒருத்தர் கையெழுத்து போதுமே."

"இருக்கட்டும் மேடம். இவங்கல்லாம் அவனக் கல்லறைக்கு எடுத்துட்டுப் போனவங்க."

பிறகு அவள் தனியாக ஒரு தாளை நீட்டினாள். கோடு விழுந்த சொற்கள், பச்சைச் சொற்கள், ஓரத்தில் தேதியும் நேரமும். நடந்ததைச் சொன்னாள். குரல் உயரவில்லை.

பாலகணேஷ் முந்திக்கொண்டார். "மேடம், ஊருக்கே தொறந்துவிட்ட பேப்பரு. யார் வேணா எழுதியிருக்கலாம். இவங்களே எழுதிட்டு நம்ம மேல போடலாம்."

"நான் எழுதியிருந்தா எம் பேரு காட்டும். இதுல காட்டல" என்றாள் ஜெமிமா. "யாரு எழுதுனாங்கன்னு எனக்கும் தெரியாது மேடம். ராசையா சிக்னல்மேன்னு எழுதணும்னா அது மொதல்ல தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியாது. யார்டுல வேல செய்றவங்களுக்குத் தெரியாது. ராசையாவுக்கே நேத்து சாயங்காலம்தான் தெரியும். ரெஜிஸ்டர கையில வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும்."

நர்மதா பாலகணேஷைப் பார்த்தார். "உங்க யார்டுல சிக்னல்மேன் யாரு?"

அவர் பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார். "ரெஜிஸ்டர் பாத்துதான் மேடம் சொல்லணும்."

"சூப்பர்வைசர்னு போட்டிருக்கு. உங்க ஆளு பேரு உங்களுக்குத் தெரியாதா?"

பாலகணேஷின் கை மறுபடி ஜிப்புக்குப் போனது. ராசையா என்று சொன்னால், ராசையா வெளியே பெஞ்சில் சலவை வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். யாரும் இல்லை என்று சொன்னால், கவனக்குறைவு யாருடையது என்று அங்கேயே தெரிந்துவிடும். நர்மதா மணியடித்து ராசையாவை உள்ளே அழைத்தார். அவர் வந்து, சூப்பர்வைசரைப் பார்க்காமல், முந்தின நாள் சொன்னதையே ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அப்பா பெயரையும் கேட்காமலே சொன்னார்.

நர்மதா ஒப்பந்தக்காரரின் அறிக்கையை எடுத்தார். 'கவனக்குறைவால்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டு, ஓரத்தில் 'ஏற்கப்படவில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். பதினெட்டாம் தேதி வருகைப் பதிவேட்டோடு வரவேண்டும் என்று பாலகணேஷிடம் கையெழுத்து வாங்கினார். அந்தப் பேனா ஓடுவதை ஜெமிமா பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை. மகிழ்ச்சியும் வரவில்லை. செத்தவன் மேல் ஒரு சொல்லை எழுத அவர்களுக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அந்தச் சொல்லுக்கு ஒரு வட்டம் போடவைக்க அவள் ஒரு வாரத்துக்கு மேல் லாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதவேண்டியிருந்தது. எழுதத் தெரியாத அக்காக்களின் தம்பிகள் எத்தனை பேர் கவனக்குறைவால் செத்துக் கோப்பில் கிடக்கிறார்களோ என்று நினைத்தாள்.

கடைக்குத் திரும்பியபோது குழுவில் புகார்கள் குவிந்திருந்தன. தாள் திறக்கவில்லையாம். "எங்க பேர வச்சி பூட்டிட்டியே, இன்னா ஆச்சுன்னு நாங்க தெரிஞ்சிக்க வாணாமா?" என்று பூமாரி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஜெமிமா கணினியில் உட்கார்ந்தாள். எல்லாரும் படிக்கலாம், ஓரத்தில் கருத்து எழுதலாம், நடுவில் கை வைக்கமுடியாது என்று மாற்றி, நடந்ததை நான்கு வரியில் எழுதிப் போட்டாள்.

சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் ஐந்தாம் பத்திக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கருத்து விழுந்தது. இந்த முறை விலங்கு இல்லை. முழுப் பெயரும் படமும் இருந்தன. அப்சல்.

'நான் மேலேருந்து பாத்தேன்கா. சிக்னல்மேன் இல்ல. பதினெட்டாந்தேதி நானும் வரேன். எம் பேர போடு. வண்டி ஆபரேட்டர்னு போடு.'

ஜாபர் பாய் ஷட்டரைப் பாதி இறக்கியபடி நின்றார். "கீழ சேத்துடும்மா. நாப்பத்தி நாலாவது பேரு."

ஜெமிமா கீழே போகவில்லை. ஐந்தாம் பத்தியில் 'சிக்னல்மேன் யாரும் இல்லை' என்ற வரிக்கு அடுத்து அவனுக்கு இடம் விட்டுத் தட்டத் தொடங்கினாள்.